நன்றியை மீளப் பெறுகிறோம்

1

யோசனை 165ஆம் இலக்க பஸ்ஸில்தான் வந்தது. காலை நேரம். மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் மேட்டில் பஸ் மூச்சிரைத்து ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடி முழுக்க உப்பும் சேறும். ஒரு கையில் கம்பி, மறு கையில் தொலைபேசி. அழைத்தவர் லவாலில் இருக்கிற, அப்பாவுக்குத் தெரிந்த ஒரு மாமா. அவர் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை.

“ஆரணியே கதைக்கிறது? பிள்ளை, பேப்பரில பாத்தனாங்கள். மனசே சரியில்லை. எப்ப எடுத்தவை?”

“என்னத்தை மாமா?”

“பிரேதத்தை.”

“ஆற்ற பிரேதம்?”

“உன்ர சித்தப்பான்ர.”

சித்தப்பா சற்று முன்புதான் யாழ்ப்பாணத்திலிருந்து எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். இரவுச் சாப்பாடு புட்டும் மீன்குழம்பும், உப்பு கொஞ்சம் கூடிவிட்டது என்று.

“மாமா, சித்தப்பா உயிரோட இருக்கிறார். ஜெயிலால வந்திட்டார்.”

மாமா கோபத்தோடு கேட்டார்: “அப்ப ஏன் பிள்ளை நன்றி நவிலல் போட்டனீங்கள்?”

நியாயமான கேள்வி. சனிக்கிழமை வீட்டுக்கு வந்த ஒரு மாமியும் இப்படித்தான் நினைத்திருந்தார். எங்கள் ஆட்களுக்கு நன்றி நவிலல் என்றால் ஒன்றே ஒன்றுதான். செத்தவீடு முடிந்து, முப்பத்தோராம் நாளும் கழிந்த பிறகு, வந்தவர்களுக்கும் மலர்வளையம் வைத்தவர்களுக்கும் சமைத்துக் கொடுத்தவர்களுக்கும் பத்திரிகையில் நன்றி சொல்வது. படத்தைப் பார்த்தாலே போதும், கீழே உள்ளதை யாரும் வாசிப்பதில்லை. வாசித்திருந்தால், அப்பா நன்றி சொல்லியிருந்தது இலங்கை ஜனாதிபதிக்கு என்பது தெரிந்திருக்கும்.

மாமாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு (அந்தச் சொல் என் வாயில் சட்டென்று உறைத்தது) தொலைபேசியை வைத்தேன். பஸ் மேட்டின் உச்சிக்கு வந்திருந்தது. அப்போதுதான் தோன்றியது: சித்தப்பாவை வெளியே விடுவதற்கு முன்பு, அவருடைய மேன்முறையீட்டை மீளப் பெற வைத்தார்கள். அப்படியென்றால் நாங்கள் ஏன் எங்கள் நன்றியை மீளப் பெறக்கூடாது?

இறங்கவேண்டிய தரிப்பிடத்தைத் தவறவிட்டேன். இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்கி, பனிச்சகதியில் நடந்தபடியே அப்பாவுக்கு அழைத்தேன். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். காலையில் எடுக்க மாட்டார். நல்லதாய்ப் போயிற்று. அந்த வேகத்தில் நான் என்ன சொல்லியிருப்பேனோ.

2

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு நடுவில் தொடங்குகிற பழக்கம்.

சித்தப்பாவின் பெயர் நேசன். அப்பாவுக்கு ஒரே தம்பி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளராக இருந்தார். அப்பா முதலில் கனடா வந்துவிட்டதால், என்னைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்கியது சித்தப்பாதான். சைக்கிளின் முன்பாரில் இருத்தி, போகிற வழியில் ஆய்வுகூடத்துக்குள் கூட்டிச் சென்று, காந்தத்தின் மேல் தாள் வைத்து இரும்புத்தூளைத் தூவிக் காட்டுவார். தூள் தானாக வளைந்து கோடு போடும். “ஆர் இதுக்குச் சொல்லிக் குடுத்தது எண்டு நினைக்கிறாய்?” என்பார். நான் “நீங்கள்” என்பேன். அவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம்.

போர் முடிகிற தறுவாயில், கண் பார்க்கக் கொழும்புக்குப் போன இடத்தில் ஒரு விடுதியில் வைத்து அவரைப் பிடித்தார்கள். ஒரு குண்டுவெடிப்புக்கு உதவினார் என்பது குற்றச்சாட்டு. ஆதாரம் என்று இருந்தது ஓர் ஒப்புதல் வாக்குமூலம் மட்டுந்தான். அது சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. சித்தப்பாவுக்கு அன்று தெரிந்த சிங்களம் பஸ்ஸில் இறங்கும்போது சொல்கிற ‘பஹினவா’ மட்டுந்தான். சிறையில் இருந்து நன்றாகப் படித்துக்கொண்டார், தன்னுடைய வாக்குமூலத்தைத் தானே வாசிக்கிற அளவுக்கு. “நல்லா எழுதியிருக்கிறாங்கள், ஆரணி. வாசிச்சு முடிய எனக்கே நான்தான் செய்தனானோ எண்டு கிடந்தது” என்றார் ஒருமுறை.

நானும் அம்மாவும் இங்கே வருவதற்கு முன் அவரைப் பார்க்கப் போவோம். கொண்டுபோகிற சாப்பாட்டை வாசலில் நாங்கள் ஒரு வாய் தின்று காட்டவேண்டும், நஞ்சு இல்லை என்பதற்கு. அம்மா அந்த வேலையை எனக்குத் தருவார். சிறைக்காவலர் பார்க்கப் பார்க்க நான் வடையைக் கடிப்பேன். கடித்த வடைதான் சித்தப்பாவுக்குப் போகும். பதினொரு வயதில் நான் மொன்றியல் வந்தபோது அவர் இன்னும் வழக்கு முடியாமல் விளக்கமறியலில் இருந்தார். பிறகு தீர்ப்பு வந்தது, ஆயுள். மேன்முறையீடு போட்டார்கள். அது தவணை மேல் தவணையாகப் போனது.

பிறகொரு நாள் செய்தி வந்தது: ஜனாதிபதி பொதுமன்னிப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறது. ஒரு நிபந்தனை, மேன்முறையீடு நிலுவையில் இருக்கக்கூடாது. “நான் செய்யவில்லை” என்று நீதிமன்றத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறவரை மன்னிக்க முடியாது. அந்தப் பேச்சை நிறுத்திவிட்டு வந்தால் மன்னிப்பு உண்டு.

சித்தப்பா முடியாது என்றார். அவருக்காக மட்டும் என்றால் அந்த ‘முடியாது’ நின்றிருக்கும். ஆனால் அதே வழக்கில் இன்னும் இருவர். மூவருக்கும் ஒரே மேன்முறையீடு. அவர்களில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுது, கிழமைக்குக் கிழமை ஆஸ்பத்திரி. ஒருவர் பிடிவாதமாக நின்றால் மூவரும் உள்ளே. அப்பா இங்கிருந்து தொலைபேசியில் கெஞ்சினார், அதட்டினார், அழுதார். சித்தப்பா அதற்கெல்லாம் அசையவில்லை. பக்கத்துப் பாயில் படுத்திருந்தவரின் வீங்கிய காலைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

3

விடுதலையான அன்று அப்பா ஆடிய ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நகருக்கு வெளியே, டொலார்டில், எங்கள் வீட்டு முன் பனியை வழித்துக்கொண்டிருந்தவர், மண்வெட்டியை அப்படியே நட்டுவிட்டு, காரில் ஏறி முருகன் கோவிலுக்குப் போனார். அங்கிருந்து நேரே பலசரக்குக் கடை. கடை வாசலில் அடுக்கி வைத்திருக்கிற, இலவசமாகக் கொடுக்கிற மாதப் பத்திரிகையின் தொலைபேசி இலக்கத்தைப் பார்த்து அங்கேயே நின்று அழைத்தார்.

அந்தப் பத்திரிகையை ஒருவர்தான் நடத்துகிறார். எழுதுவதும் அவர், அடுக்குவதும் அவர், கடை கடையாகப் போடுவதும் அவர். “நன்றி எண்டால் அண்ணை, எங்களிட்ட டிசைன் ரெடியா இருக்கு. படத்தை மட்டும் அனுப்புங்கோ” என்றாராம். அந்த டிசைன் எதற்கு என்று அப்பாவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே தாமரை. நீள்வட்டத்துக்குள் சித்தப்பா, ஆய்வுகூடக் காலத்துப் படம். தோற்றம், மறைவு என்ற இரண்டு வரியை மட்டும் எடுத்துவிட்டிருந்தார். எடுத்த இடம் வெறுமையாகத் தெரிந்தது.

“எமது பாசமிகு சகோதரரின் விடுதலைக்கு உத்தரவிட்ட மேன்மைதங்கிய ஜனாதிபதி அவர்களுக்கும், நேரிலும் தொலைபேசியிலும் எம் துயரில் பங்குகொண்ட அனைவருக்கும் இதயம் கனிந்த நன்றிகள். இங்ஙனம், குடும்பத்தினர்.”

அந்த ‘துயரில்’ பழைய டிசைனில் மிஞ்சிப் போனது. அந்த ‘குடும்பத்தினர்’ என்பதற்குள் நானும் இருந்தேன்.

பத்திரிகை கடைக்கு வந்த சனிக்கிழமை நான் வீட்டில் நின்றேன். அம்மா ஆட்டிறைச்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். கதவு மணி அடித்தது. அடுத்த தெரு பரமேஸ் மாமி, குளிர்ச்சட்டைக்கு மேல் வெள்ளைச் சால்வை போர்த்தி, இரண்டு கையிலும் சட்டி. பின்னால் அவர் மகன் கார் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தான்.

“வாங்கோ மாமி, வாங்கோ வாங்கோ!” அம்மா சிரித்த முகத்தோடு ஓடிவந்தார்.

மாமி வாசல்படியிலேயே நின்றுவிட்டார். “செத்தவீட்டில ஆரும் வாங்கோ எண்டு கூப்பிடுறதே பிள்ளை?”

“ஆற்ற செத்தவீடு மாமி?”

“நீங்கள் அடுப்பு மூட்டக்கூடாது எண்டு நான் விடியவே எழும்பிச் சோறும் பருப்பும் காய்ச்சி...” அவர் மூக்கு அசைந்தது. “இறைச்சியே காய்ச்சுறாய்?”

அம்மாவுக்கு விளங்கவில்லை. “ஓம் மாமி, நேசன் வெளியில வந்த சந்தோசத்துக்கு.”

“வெளியில வந்த சந்தோசமோ!” மாமி சட்டியை என் கையில் திணித்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார். “கடவுளே, கனடா வந்து இதையும் பாக்க வேண்டிக் கிடக்கு.”

விளக்கி முடிக்கச் சட்டி ஆறிவிட்டது. முழுக்கதையும் கேட்ட பிறகு மாமி பூட்ஸைக் கழற்றினார். “சரி. கொண்டுவந்த சோத்தைத் திருப்பிக் கொண்டு போகேலாது. அந்தப் பெடியன்ர ஆயுசுக்குச் சாப்பிடுவம். அந்த இறைச்சியையும் கொண்டு வா, பாப்பம்.” எனக்குப் பக்கத்தில் இருந்து இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். போகும்போது அப்பாவைப் பார்த்து, “தம்பி, நல்ல மனுசன் நீ. ஆனா உள்ள வச்சவனுக்கே நன்றி சொன்ன ஆளை இண்டைக்குத்தான் காணுறன்” என்றார்.

அப்பா சிரித்து மழுப்பினார். நான் சிரிக்கவில்லை.

4

என்னோடு கோட்-டெ-நெய்ஜில் அறையைப் பகிர்கிற கீர்த்தனா சென்னைக்காரி, கணினி படிக்கிறாள். அவளிடம் இதையெல்லாம் சொன்னபோது அவள் நூடில்ஸைக் கிளறிக்கொண்டே கேட்டாள்: “சரி, ரிலீஸ் பண்ணிட்டாங்கல்ல? அப்புறம் என்னடி பிரச்சினை? எங்க ஊர்லயும் தலைவருங்க பிறந்தநாளுக்கு ஜெயில்ல இருந்து விடுவாங்க. யாரும் கேஸ் போட மாட்டாங்க.”

“அவர் செய்யாததுக்கு மன்னிச்சிருக்கினம் கீர்த்து.”

“அதான் வெளிய வந்துட்டாரே.”

இதே உரையாடலை நான் பல்கலைக்கழகத்திலும் நடத்தியிருக்கிறேன். டவுன்டவுனில் அரசியல் விஞ்ஞானத்தில் முதுகலை படிக்கிறேன். போர் முடிந்த நாடுகளில் நியாயம் தேடுவது பற்றி, நிலைமாறுகால நீதி என்று ஒரு பாடம். அதில் போருக்குப் பிந்திய மன்னிப்புகளைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதி, நல்ல புள்ளியும் வாங்கினேன். மன்னிப்பு சமாதானத்துக்கு எண்ணெய் என்று எழுதியிருந்தேன். அந்தக் கட்டுரையில் பரமேஸ் மாமியின் சோறு இல்லை.

இன்று எழுதினால் இப்படி எழுதுவேன். ஜனாதிபதியின் மன்னிப்பு ஓர் அதிகாரம். அந்த நாற்காலியில் இருப்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை. அதே நாற்காலியிலிருந்துதான், சாதாரண சனத்தைக் கொன்றார் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்த ஓர் இராணுவத்தானுக்கும் முன்னொருமுறை மன்னிப்பு வந்தது. செத்தவர்களின் வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. கொன்றவருக்கும் மன்னிப்பு, செய்யாத சித்தப்பாவுக்கும் மன்னிப்பு, இரண்டுக்கும் ஒரே கையெழுத்து. அதைச் சமநிலை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்லிணக்கம் என்றும் சொல்வார்கள். மும்மொழியில் பெயர்ப்பலகை எழுதி மாட்டுவார்கள். அரசாங்கம் மாறினால் பலகையும் மாறும். பலகைக்குக் கீழே, காணாமல் போன பிள்ளைகளின் படத்தைப் பிடித்தபடி நிற்கிற அம்மாக்கள் மட்டும் மாறுவதில்லை.

சித்தப்பா வெளியே வந்தது எனக்குச் சந்தோசம். அந்தச் சந்தோசத்தை யாரிடமும் நான் இரவல் வாங்கவில்லை. அது அவருக்கு உரியது. பதினைந்து வருடத்துக்கு மேல் பிடித்து வைத்திருந்துவிட்டுத் தந்தார்கள். பறித்ததைத் திருப்பித் தருகிறவருக்கு ஒரு ‘மெர்சி’கூட, இந்த ஊர்ப் பிரெஞ்சில் ஒரு நன்றிகூட, சொல்ல நான் தயாரில்லை.

கீர்த்தனா நூடில்ஸை எனக்கும் பங்கிட்டுத் தந்தாள். “கோவமா இருக்கும்போது நீ நல்லா பேசுற. ஆனா இதை எங்கிட்ட பேசி என்ன பண்றது? உங்க அப்பாகிட்ட பேசு” என்றாள்.

5

அப்பாவிடம் பேசப் போனால், அதற்குள் இன்னொன்று நடந்திருந்தது. நாங்கள் பெயரே கேள்விப்படாத ஓர் அமைப்பு அப்பாவை அழைத்திருந்தது. டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நல்லிணக்கக் கலந்துரையாடல். ஊரிலிருந்து அரசாங்கப் பிரமுகர் ஒருவர் வருகிறார். “அண்ணை, உங்கட நன்றி அறிவித்தல் பாத்தம். இப்பிடி நல்ல மனசுள்ள ஆக்கள்தான் எங்களுக்குத் தேவை. மேடையில பத்து நிமிசம் கதைச்சு, ஒரு பூச்செண்டு குடுத்தாச் சரி” என்றார்களாம். அப்பா ஓம் என்றுவிட்டார். புதுக் கோட்டு தைப்பதா வாங்குவதா என்ற கதை நடந்துகொண்டிருந்தது.

“நீங்கள் போகக்கூடாது” என்றேன், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல்.

“ஏன் போகக்கூடாது? என்ர தம்பியை விட்டவை.”

“பிடிச்சதும் அவைதான் அப்பா.”

“எனக்குத் தெரியாதே? நீ புத்தகத்தில படிச்சனி, நான் அந்தப் புழுதியில நிண்டனான்.” அப்பாவின் குரல் உயர்ந்தது. “நியாயம் நியாயம் எண்டு நிண்டிருந்தால் இண்டைக்கு அந்தப் பேப்பரில போட்டது சரியாத்தான் இருந்திருக்கும். மெய்யாவே பிரேதத்தைத்தான் எடுத்திருப்பம். வணங்கினால் என்ன குறைஞ்சு போச்சு? இஞ்ச வந்து இமிகிரேசன்காரனுக்கு மெர்சி, வீட்டுக்காரனுக்கு மெர்சி, பள்ளிக்கூடப் பெடியள் சிரிச்சால் அதுக்கும் மெர்சி. நன்றி சொல்லிச் சொல்லித்தான் உங்களை வளத்தனான்.”

உண்மைதான். அவர் குனிந்ததால்தான் நான் நிமிர்ந்து நிற்கிறேன். அது எனக்குத் தெரியும் என்பதுதான் என் கோபத்தை இன்னும் கூட்டியது.

அப்போது லயா, என் தங்கை, காதொலிப்பானைக் கழற்றினாள். பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவள். பிரெஞ்சில் யோசித்து, ஆங்கிலத்தில் திட்டி, கடைசியாக எங்களுக்கு இரங்கித் தமிழில் பேசுவாள். சித்தப்பாவை வீடியோவில் மட்டும் பார்த்திருக்கிறாள்.

“அப்பா, மன்னிச்சவை எண்டால் சித்தப்பா செய்தவர் எண்டுதானே அர்த்தம்?”

அப்பா திரும்பிப் பார்த்தார். “ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நான் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான். என்ர பிரெண்ட்ஸுக்கும் அப்பிடித்தான் சொன்னனான். அவர் ஏதோ செய்தவர், பேந்து பிரசிடென்ட் விட்டவர் எண்டு.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

லயாவுக்கு ஏதோ தவறிவிட்டது என்று விளங்கிவிட்டது. பிரெஞ்சும் தமிழும் கலந்து வேகமாகச் சொன்னாள்: “அத்தோன், இருங்கோ, எங்கட ஸ்கூலில செம்மஞ்சள் சட்டை போடுற நாள் இருக்கெல்லோ, இஞ்ச வீட்டில இருந்து பறிச்சு விடுதிப் பள்ளிக்கூடத்தில போட்ட பூர்வகுடிப் பிள்ளையளுக்காக. டீச்சர் சொன்னவ, முதல் உண்மை, பேந்துதான் மற்றது எண்டு. உண்மை சொல்லாமல் கை குடுத்தால் அது சும்மா போட்டோவாம். எங்களுக்கு ஒருத்தரும் உண்மையைச் சொல்லேல்லைதானே?”

வீட்டில் கோட்டுக் கதை நின்றது. அப்பா மாடிக்குப் போய்விட்டார். என் கட்டுரையும் என் கத்தலும் செய்யாததை அவள் செய்துவிட்டாள். ஆனால் அவள் சொன்னதில் எனக்குப் பெரிய அடி இருந்தது. சித்தப்பா சுமக்கிற அந்தத் தீர்ப்பை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே ஒரு பிள்ளை நம்பி வளர்ந்திருக்கிறது. நாங்கள் பக்கத்தில் இருந்து சோறு பரிமாறியிருக்கிறோம்.

6

ஞாயிறு காலை சித்தப்பாவை அழைத்தோம். அங்கே மாலை. மேசையில் தொலைபேசியைச் சாய்த்துவைத்து நாலு பேரும் முன்னால் இருந்தோம். அவர் திரையில் வந்தார், தலைமயிர் வெட்டி, கண்ணாடி புதிது.

“என்ன, எல்லாரும் கறுப்பு உடுப்போட இருக்கிறியள்? ஓ, என்ர முப்பத்தொண்டோ?”

அப்பாவுக்கு முகம் செத்துப்போனது. “அங்கயும் வந்திட்டுதோடா தம்பி?”

“வராமல்? வாட்ஸ்அப்பில சுத்திச் சுத்தி வருது. ஒருத்தன் வாசலில வந்து நிண்டு என்னைப் பாத்திட்டுப் பேயைக் கண்ட மாதிரி ஓடினான்.” சித்தப்பா நன்றாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். “அண்ணை, செத்திட்டன் எண்டு போட்டது பரவாயில்லை. நன்றி எண்டு போட்டியளே, அதுதான் சரியில்லை.”

அவரே தொடர்ந்தார். பழைய பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளர் இடம் காலியாக இருக்கிறதாம். பள்ளி அதிபருக்கு அவரை எடுக்க விருப்பம். கல்வி அலுவலகத்தில் கோப்பைப் பார்த்தவர், குற்றவாளி என்று தீர்ப்பு இருக்கிறதே என்றாராம். மன்னிப்புக் கிடைத்தது என்று சித்தப்பா சொன்னதற்கு, “மன்னிப்பு எண்டால் செய்தது இல்லையெண்டு ஆகாது” என்றிருக்கிறார். பிறகு தொலைபேசியை எடுத்து எங்கள் அறிவித்தலைக் காட்டியிருக்கிறார். “உங்கட குடும்பமே நன்றி சொல்லியிருக்கு. பேந்து என்ன?”

“நான் அதை நினைக்கேல்லையடா” என்றார் அப்பா.

“எனக்குத் தெரியும் அண்ணை. நீங்கள் சந்தோசத்தில போட்டது. இப்ப நான் சொல்லுறதைக் கேளுங்கோ. சட்டத்தரணியிட்டக் கதைச்சனான். மேன்முறையீட்டைத் திரும்பவும் எடுக்கச் சொல்லிக் கேக்கப் போறன்.”

“விசரே உனக்கு?” அப்பா எழும்பிவிட்டார். “வெளியில வந்திட்டாய். திரும்ப ஏன் அந்த வழக்குக்குள்ள போறாய்?”

“அண்டைக்கு நான் கையெழுத்து வச்சது மற்ற ரெண்டு பேருக்காக. அவங்கள் வெளியில வந்திட்டாங்கள். இப்ப என்னைக் காட்டி ஒருத்தனையும் மறிச்சு வைக்கேலாது. விருப்பத்தோட மீளப் பெறேல்லை எண்டு காட்டினால் ஒரு வழி இருக்கலாமாம். இல்லாமலும் போகலாமாம். சட்டத்தரணி உள்ளதைச் சொல்லுற மனுசி.” மூச்சு எடுத்துக்கொண்டார். “ஆனால் அவ கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமோ? இந்த நன்றி அறிவித்தலை அவை வழக்கில நீட்டினால் என்ன சொல்லப்போறீர் எண்டு.”

நான் என் யோசனையை அவிழ்த்தேன். நன்றியை மீளப் பெறுகிறோம் என்று இன்னோர் அறிவித்தல், அந்த மண்டபத்துக்குப் போகாமல் புறக்கணிப்பு, வாசலில் பதாகை. வேகமாகச் சொன்னேன், கையை ஆட்டி ஆட்டி.

சித்தப்பா பொறுமையாகக் கேட்டார். “அறிவித்தல் நல்லது. போடு. ஆனா ஏன் போகாமல் விடுறியள்? மேடையும் மைக்கும் தாறம் எண்டு அவையே கேக்கினம். நான் இவ்வளவு காலமும் கேட்டுக் கிடைக்காதது அதுதான். அண்ணை போகட்டும்.”

“போய்?” என்றார் அப்பா.

“பூச்செண்டு குடுக்க வேண்டாம். நான் சொல்லுறதை மட்டும் சொல்லுங்கோ.”

“உனக்கு அங்க கரைச்சல் வராதே தம்பி? சீஐடி வீட்டுக்கு வந்து விசாரிச்சால்?”

“இப்பவும் வருகினம்தானே. பயம் இருக்கு அண்ணை, இல்லையெண்டு சொல்லேல்லை. அது ஒரு பக்கம் கிடக்கட்டும்.”

லயா முன்னால் நகர்ந்து திரைக்குள் முகத்தை வைத்தாள். “சித்தப்பா, நீங்கள் செய்யேல்லைதானே?”

“இல்லை அம்மா. நான் செய்யேல்லை.”

“ஓகே” என்றாள். இவ்வளவு காலமும் அந்தக் கேள்வியை யாராவது அவரிடம் இவ்வளவு நேராகக் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. விசாரணையில் கேட்டவர்கள் பதிலைத் தாங்களே தட்டச்சு செய்துகொண்டார்கள்.

எழும்பி நின்ற அப்பா திரும்பவும் கதிரையில் இருந்தார். பிறகு, “ஆரணி, பேனை எடு” என்றார்.

7

சித்தப்பா சொன்னது நாலே வரிதான். நான் அழகுபடுத்தப் பார்த்தேன், அவர் விடவில்லை. “உன்ர கட்டுரைத் தமிழை இதுக்குள்ள போடாத” என்றார். அதனால் அவர் சொன்னபடியே தருகிறேன். இதை வாசிக்கிற நீங்களும் நாலு பேருக்குக் காட்டுங்கள்:

“நான் அந்தக் குற்றத்தைச் செய்யவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. என் மேன்முறையீட்டை நிறுத்தினால்தான் மூன்று பேருக்கும் கதவு திறக்கும் என்றார்கள், நிறுத்தினேன். எங்கள் குடும்பம் முன்பு சொன்ன நன்றியை மீளப் பெறுகிறது.”

பத்திரிகைக்காரர் முதலில் தயங்கினார். “அண்ணை, இதைப் போட்டால் எனக்கு விளம்பரம் தாற ஆக்கள் கோவிப்பினம்” என்றார். அப்பா, “என்ர தம்பியை உயிரோட சாக வச்சனீர். அதுக்கு நான் கோவிச்சனானே?” என்று கேட்டார். அடுத்த இதழில் வருகிறது. குத்துவிளக்கு வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறோம். அவர் போடாவிட்டால் நாங்களே அச்சடித்துக் கடை வாசல்களிலும் கோவில் கார்த் தரிப்பிடத்திலும் நின்று கொடுப்போம். பரமேஸ் மாமி தன் பங்குக்கு ஒரு கட்டுக் கேட்டிருக்கிறார்.

கொழும்பில் சட்டத்தரணி திங்கட்கிழமை மனுவைப் போடப் பார்க்கிறார். ஏற்பார்களா, தூக்கி எறிவார்களா, தெரியாது. எறிந்தால் அடுத்த படி என்ன என்று நான் இப்போதே படித்துக்கொண்டிருக்கிறேன். இது பரீட்சைக்குப் படிப்பது போல இல்லை.

அதற்கு முன் வருகிற சனிக்கிழமை ஹோட்டல் மண்டபம். அப்பா தமிழில் சொல்வார், நான் உடனே பிரெஞ்சில் சொல்வேன். என் பிரெஞ்சைத் திருத்துவது லயா. ஈவிரக்கமில்லாமல் திருத்துகிறாள். அமைப்பாளர்களுக்கு நாங்கள் என்ன பேசப்போகிறோம் என்று சொல்லவில்லை. பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள், எங்களுக்கு ஒரு நிமிடம் போதும். முதல் வரியிலேயே மைக்கை நிறுத்திவிடுவார்கள் என்றுதான் அப்பா நினைக்கிறார். இருக்கலாம்.

அதனால் இன்று பின்னேரம், பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்ட பிறகு, அவருடைய மஞ்சள் பஸ்ஸில் சொல்லிப் பழகினோம். பஸ்ஸைத் தரிப்பிடத்தில் நிறுத்தி இயந்திரத்தையும் நிற்பாட்டினார். நான் போய்க் கடைசி இருக்கையில் இருந்தேன். முன்னால், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், குளிர்த்தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அப்பா நின்றார். முதல் வரியைச் சொன்னார். எனக்கு உதடு அசைந்தது மட்டுந்தான் தெரிந்தது.

“கேக்குதோ?”

“இல்லை அப்பா.”

தொண்டையைச் செருமினார். மறுபடி சொன்னார்.

“இப்ப?”

“பாதிதான். மைக் இல்லையெண்டு நினைச்சுச் சொல்லுங்கோ.”

அப்பா தொப்பியை இருக்கையில் போட்டார். இரண்டு கையாலும் இரு பக்க இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் மெர்சி சொல்லாத ஒரு குரலில் முழுவதையும் சொன்னார். சனிக்கிழமை மண்டபம் இந்த பஸ்ஸைவிடப் பெரிது. நாளைக்கும் பழகப் போகிறோம்.